காதுக்கான கணக்கு

அக்காவுக்குக் கணக்கு வராது. அவளே ஊரறியச் சொல்லிக்கொள்வது அது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் கரையேறியதே பெரும்பாடு. ஆனாலும் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த அச்சுக்கடையில் கணக்கு வினாத்தாள் அடிக்க அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. டியூஷன் வாத்தியார்கள் கிறுக்கிக்கொண்டு வரும் தாள்களில் வர்க்கமூலத்துக்குள் பின்னம், பின்னத்துக்குள் இன்னொரு பின்னம் என்று நூல்கண்டு சிக்கினாற்போல் கிடக்கும். மற்ற பெண்கள் அதைப் பார்த்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடைக்காரர் தான் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி அவளைத்தான் கூப்பிடுவார்.

"ஈக்குவேஷன், இதைக் கொஞ்சம் பாரும்மா. இந்த மனுஷன் எழுதியிருக்கறது பின்னமா, பூச்சியான்னு தெரியல."

அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். எந்தக் கோடு எதுவரை போகிறது, எந்த அடைப்பு எங்கே மூடுகிறது என்பது அவள் கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும். அந்தக் கண் அவளுக்கு எப்படி வந்தது என்றால், தம்பிக்குப் பார்வை இல்லாததால் வந்தது.

தம்பி பிறந்ததிலிருந்தே பார்வையற்றவன். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா பஸ் கண்டக்டர். விடிவதற்கு முன் கிளம்பி இருட்டிய பிறகு வருவார். ஆகவே தம்பிக்குப் பாடம் படித்துக் காட்டும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. சரித்திரம், அறிவியல் எல்லாம் மூச்சுவிடாமல் படித்துத் தள்ளிவிடலாம். கணக்கில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"எக்ஸ் பிளஸ் ஒண்ணு பை எக்ஸ் மைனஸ் ஒண்ணு."

"எதுக்குக் கீழ எது, அக்கா? ஒண்ணுக்குக் கீழ மட்டும் எக்ஸா, இல்ல மொத்தத்துக்கும் கீழ மொத்தமா?"

தாளில் ஒரு கோடு சொல்லிவிடுவதை வாயால் சொல்ல வழியில்லை. கொஞ்ச நாளில் அக்கா ஒரு முறை வைத்துக்கொண்டாள். கோட்டுக்கு மேலே இருப்பதைக் குரலை உயர்த்திப் படிப்பாள், கீழே இருப்பதைக் குரலை இறக்கிப் படிப்பாள். நீளமான கோவைகள் வந்தால் வேறு தொல்லை. மூன்று எக்ஸ் ஸ்கொயர் ஒய், பிளஸ் ஆறு எக்ஸ் ஒய் ஸ்கொயர், மைனஸ் ஒன்பது எக்ஸ் ஒய் என்று முடிப்பதற்குள் தம்பிக்கு முதலாவது மறந்துபோகும். திரும்பப் படித்தால் மூன்றாவது நழுவும். ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாத்துலயும் மூணு எக்ஸ் ஒய் இருக்குடா. அதை வாசல்ல நிறுத்திடு. உள்ள யார் யார்னு சொல்றேன். எக்ஸ், பிளஸ் ரெண்டு ஒய், மைனஸ் மூணு. அவ்வளவுதான்."

தம்பி பிடித்துக்கொண்டான். 'பொதுக் காரணியை வெளியே எடு' என்று தேர்வில் கேட்டால் அவள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள். தம்பிக்கு மூச்சு முட்டக் கூடாது என்றபோது அதையே வாய் தானாகச் செய்தது. அதிலிருந்து அவள் எதையும் அச்சிட்டபடி படித்ததில்லை. சுருக்குவாள், புரட்டுவாள், இரண்டு மைனஸைச் சேர்த்து ஒரு பிளஸாக்கிவிடுவாள்.

குட்டு தேர்வில் உடைந்தது. தம்பிக்குக் கேள்வி படித்து விடை எழுத வந்தவர் தாளில் இருந்ததை இருந்தபடியே படித்தார். நன்றாகத் தெரிந்த கணக்குகளைத் தம்பிக்கு அடையாளமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளைப் பிடித்துக்கொண்டான்.

"புஸ்தகத்துல இருக்கறது ஒண்ணு, நீ படிக்கறது ஒண்ணா? இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டியேக்கா!"

"ஏமாத்தலடா. உனக்குச் சுமை குறையட்டுமேன்னு பார்த்தேன்."

அவன் கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தான். பிறகு, "சரி, ரெண்டையும் படி. முதல்ல அவங்களது. அப்புறம் நம்மளது" என்றான்.

அந்த 'நம்மளது' அக்காவின் உச்சியைக் குளிர்வித்தது. பள்ளி முடிந்து கல்லூரியிலும் சில வருஷம் அப்படியே ஓடியது. படிப்பு முடிந்ததும் தம்பிக்கு வேறு நகரத்தில் மென்பொருள் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுடைய கம்ப்யூட்டரே திரையில் இருப்பதை அவனுக்குப் படித்துச் சொல்லிவிடும். அப்பா ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். அக்கா அச்சுக்கடைக்குப் போனாள், வந்தாள்.

கடை மூடி வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இருக்கும் அந்தப் பொழுதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அது தம்பிக்குப் படிக்கும் பொழுது. டிவியைப் போட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிப் பார்த்தாள். எதுவும் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. தம்பி மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வான். "நல்லா இருக்கியா, அப்பா முட்டி எப்படி இருக்கு, சரி வெச்சிடறேன்" என்பதோடு சரி. அவன் பாசம் இல்லாதவன் அல்ல. கணக்கு இல்லாமல் அக்காவிடம் என்ன பேசுவது என்று அவனுக்குப் பழக்கமில்லை.

அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் அவன் வழக்கமில்லாத உற்சாகத்தோடு கூப்பிட்டான்.

"அக்கா, உன் வாயைக் கொஞ்சம் கடனாத் தரணும்."

"என் வாய் எதுக்குடா உனக்கு?"

"இந்தக் கம்ப்யூட்டர் கணக்கு படிக்கறதைக் கேட்டா நீ அழுதுடுவ. ஒரே மூச்சுல ரயில் மாதிரி போகுது. அதனால நானே ஒரு புரோகிராம் எழுதலாம்னு இருக்கேன். கோவையைக் குடுத்தா, காதுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதி, அப்புறம் படிக்கணும். நீ பண்ணுவியே, அது மாதிரி."

"நான் எங்கடா மாத்தி எழுதினேன்? படிச்சேன்."

"மாத்தித்தான் படிச்ச. எப்போ எதை எப்படி மாத்துவன்னு சொல்லு. ஒவ்வொண்ணையும் ஒரு விதியா எழுதிடறேன்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்தான் விடையே சொல்லிடுமே, அப்புறம் எதுக்கு மாத்தறது?" என்று கேட்டாள்.

"விடை வேண்டாம்க்கா. எக்ஸ் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எக்ஸ் எக்ஸாவே இருக்கட்டும். மதிப்பு மாறக் கூடாது, உருவம் மட்டும் மாறணும்."

"ஆளு அதே ஆளு, சட்டை மட்டும் வேற."

"அதேதான்! கோவையை உள்ள ஒரு மரமா வெச்சுக்கும். கூட்டல்னா ஒரு கிளை, அதுலருந்து பிரியற ரெண்டு கொப்புலயும் கூட்ட வேண்டியது இருக்கும். விதி என்ன பண்ணும்னா, மரம் பூரா தேடும். இந்த மாதிரி ஒரு கிளை எங்கயாவது இருக்கான்னு பார்க்கும். இருந்தா அதை வெட்டிட்டு, அதே மதிப்புள்ள இன்னொரு கிளையை அந்த இடத்துல ஒட்டிடும்."

மறுநாள் முதல் சாயங்காலப் பொழுது திரும்பக் கிடைத்தது. கடை மூடியதும் அக்கா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாள். தம்பி போனில் காத்திருப்பான். அவன் ஒரு கோவையைச் சொல்வான், அவள் தன் வழியில் படிப்பாள். "ஏன் அதை முதல்ல எடுத்த?" என்பான். "தெரியலடா, வாய்க்கு வந்துச்சு." "அப்படிச் சொன்னா கம்ப்யூட்டருக்குப் புரியாதுக்கா. யோசிச்சுச் சொல்லு." அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். ஏ-வை, பி பை சி-யால் வகுத்தால், அவள் ஏ சி பை பி என்று படிப்பாள். மாடி மேல் மாடி கட்டினால் கேட்கிறவனுக்குத் தலை சுற்றும் என்பது அவள் நியாயம். அது ஒரு விதியானது. வாசலில் நிறுத்துவது ஒரு விதியானது.

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். "யாரும்மா இந்த எக்ஸ்? இத்தனை வருஷமாப் பேசறீங்க, ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டீங்களா?" என்பார். மறுமுனையில் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பது போனைத் தாண்டிக் கேட்கும்.

முதல் தடவை ஓடவிட்டபோது புரோகிராம் நிற்கவே இல்லை. அடைப்பைப் பெருக்கி விரிக்க ஒரு விதி, பொதுவானதை வெளியே எடுத்துச் சுருக்க ஒரு விதி என்று இரண்டையும் தம்பி போட்டிருந்தான். "குடை கையில கிடைச்ச குழந்தை மாதிரி விரிக்குது, மடக்குது, விரிக்குது, மடக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டான். விரிக்கும் விதியைத் தூக்கிவிட்டு, புரோகிராமை அக்காவின் கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவைத்தான்.

"உன் கைல வர்ற வினாத்தாளை எல்லாம் அதுகிட்ட குடு. எங்க உளறுதோ எனக்குச் சொல்லு."

அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக அடித்துக் கேட்பாள். எக்ஸ் பவர் அஞ்சு மைனஸ் ஒண்ணு என்று கொடுத்தாள். புரோகிராம் அதைக் காரணிகளாகப் பிரித்து, எக்ஸ் மைனஸ் ஒண்ணு இன்டு எக்ஸ் பவர் நாலு பிளஸ் எக்ஸ் கியூப் பிளஸ் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் என்று போய்க்கொண்டே இருந்தது.

"அஞ்சு வார்த்தைல முடியறதுக்கு ஊர்வலம் விடுதுடா உன் புரோகிராம்" என்றாள் அன்று சாயங்காலம்.

"அப்போ எப்ப நிறுத்தணும்னு எப்படிச் சொல்றது?"

"எது வாய்க்குச் சின்னதோ, அங்க நிக்கச் சொல்லு."

மறுமுனையில் விசைப்பலகை படபடவென்று கேட்டது. அதன் பிறகு புரோகிராம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், படித்தால் எத்தனை சொல் வரும் என்று எண்ணிப் பார்த்துக் குறைந்ததை எடுத்துக்கொண்டது.

இன்னொரு நாள் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கடையிலிருந்தே கூப்பிட்டாள். "காரணிப்படுத்துக, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஆறு எக்ஸ் பிளஸ் ஒம்பதுன்னு கேள்வி. உன் புரோகிராம் என்ன படிச்சது தெரியுமா? காரணிப்படுத்துக, எக்ஸ் பிளஸ் மூணு ஹோல் ஸ்கொயர்! விடையைக் கைல குடுத்துட்டு எழுதுன்னு சொல்லுது."

"பசங்க எனக்குச் சிலை வெப்பாங்கக்கா!" என்றான் தம்பி. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கி, இரண்டு பக்கமும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த அமைதியை அக்கா பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு தப்பாகச் சரியாக, புரோகிராம் தேறிக்கொண்டே வந்தது. அது தேறத் தேற போன் குறைந்தது. தினமும் என்பது வாரம் இருமுறையாகி, பிறகு அவள் தப்பு கண்டுபிடித்தால் மட்டும் என்றானது. அவனுடைய அலுவலகமே அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணையும் போட்டிருந்தது. "நம்ம டெஸ்டர் பயங்கர கில்லாடிக்கா. நீ ஒரு வாரத்துல பிடிக்கறதை ஒரு நாள்ல பிடிச்சுடறா" என்றான் தம்பி. அக்கா "அப்படியா" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அதிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்பு தேட ஆரம்பித்தாள். கடைக்கு வரும் வாத்தியார்களிடம், "கொஞ்சம் கஷ்டமான கணக்கா எழுதுங்க சார்" என்று கேட்டு அவர்களைத் திகைக்க வைத்தாள். ஒருமுறை நல்ல வேட்டை கிடைத்தது. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒண்ணு, அதற்குக் கீழே எக்ஸ் மைனஸ் ஒண்ணு. எக்ஸ் ஒன்றாக இருக்கும்போது என்ன ஆகும் என்று கேள்வி. புரோகிராம் மேலும் கீழும் பொதுவாக இருந்ததை அடித்துவிட்டு, எக்ஸ் பிளஸ் ஒண்ணு என்று மட்டும் படித்தது. கேள்வியின் உயிரே அந்தப் பின்னத்தில்தான் இருந்தது. எக்ஸ் ஒன்றானால் கீழே பூஜ்யம் வந்துவிடுமே! தம்பி அன்று அரை மணி நேரம் பேசினான். பூஜ்யத்தால் வகுக்க நேரும் இடத்தில் சுருக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டான். அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு அக்கா ஒரு மாதம் ஓட்டினாள்.

பிறகு தப்பே கிடைக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் சமர்த்தாகப் படித்தது. ஒரு மழை நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது, அக்கா ஒரு காரியம் செய்தாள். ஏ-வை, பி பை சி-யால் வகுக்கும் கோவையை அடித்து, 'இதை ஏ சி பை பி என்று தப்பாகப் படிக்கிறது' என்று அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலம் தலை வாரிக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள்.

போன் வந்தது. தம்பி இல்லை, ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் டெஸ்டர் பேசறேன். உங்க தம்பிகூட வேலை பார்க்கறவ. தப்புன்னு வர்றதெல்லாம் இப்போ முதல்ல என்கிட்டதான் வரும். நீங்க இன்னிக்கு அனுப்பினதைப் பார்த்தேன்."

"சொல்லும்மா."

"அது சரியாத்தானே அக்கா படிக்குது?"

அக்கா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஓ, சரியா அது? எனக்குக் கணக்கு அவ்வளவா வராதும்மா" என்றாள்.

அந்தப் பெண் தயங்கினாள். "புரோகிராம்ல அந்த விதிக்குப் பக்கத்துல அவர் 'அக்கா சொன்னது'ன்னு குறிப்பு எழுதியிருக்கார். முக்கால்வாசி விதிக்கு அப்படித்தான் இருக்கு. அதான் எனக்கு யோசனையா இருந்துச்சு. அவர்கிட்ட நான் சொல்லல."

அக்காவுக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். முக்கால்வாசி விதிக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது இன்னொரு பக்கம்.

"சும்மாவே கூப்பிடலாமேக்கா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அவருக்கும் ஆசையாத்தான் இருக்கும்."

அது நல்ல பேச்சுதான். ஆனால் அடுத்தவள் வாயிலிருந்து வந்ததால் அக்காவுக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு அவள் எதையும் அனுப்பவில்லை. கடையில் புரோகிராமைத் திறக்கவும் இல்லை.

இரண்டு மாதம் போல் கழித்துத் தம்பியே கூப்பிட்டான்.

"என்னக்கா, தப்பே அனுப்பக் காணோம்?"

"தப்பே இல்லடா. நல்லாப் படிக்குது."

"நிஜமாவா?" அவன் குரல் மலர்ந்தது. "அப்போ ஒரு விஷயம் சொல்லணும். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். நம்ம டெஸ்டரைத்தான்."

"அடப்பாவி!" என்றாள் அக்கா. அவளே எதிர்பாராத விதமாகச் சிரிப்பு வந்தது. "தப்பு கண்டுபிடிக்க ஆளை வீட்டுக்கே கூட்டிட்டு வர்றியா?"

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு எளிமையாக நடந்தது கல்யாணம். அக்காவும் அப்பாவும் ரயிலேறிப் போனார்கள். மருமகளிடம் அப்பா, "எக்ஸ் வருவார்னு பார்த்தேன், நீ வந்துட்ட" என்று சொன்னார். விஷயம் தெரியாத பெண் வீட்டார் திருதிருவென்று விழித்தார்கள். தம்பியின் வீட்டில் அவன் சுவரைத் தொடாமல் நடமாடினான். டம்ளர் எங்கே, சாவி எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அவன் புரோகிராமை வைத்திருப்பதாக மருமகள் சொன்னாள். தம்பி பெருமையோடு அதை ஓடவிட்டுக் காட்டினான். கோட்டுக்கு மேலே இருப்பதை இயந்திரக் குரல் உயர்த்திப் படித்தது, கீழே இருப்பதை இறக்கிப் படித்தது.

"எப்படிக்கா?"

"அச்சு அசல் நான் படிக்கற மாதிரியே இருக்குடா" என்றாள் அக்கா. பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பின்னாலேயே வந்த மருமகள் எதுவும் கேட்காமல் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். இருவரும் டீ கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்க் கடை சீக்கிரமே மூடியது. அக்கா கடைப் படியில் உட்கார்ந்தபடி, யோசித்தால் துணிச்சல் போய்விடும் என்று, தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுக்கா. எங்க உடைஞ்சது?"

"எங்கயும் உடையல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா."

தம்பி அப்பாவின் முட்டி பற்றிக் கேட்டான், சொன்னாள். மழை பற்றி அவள் கேட்டாள், இல்லை என்றான். பேச்சு அங்கேயே நொண்டி நின்றது. "வெச்சிடட்டுமா?" என்றாள் அக்கா.

"இரு, அக்கா." அவன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. "எனக்கு உன்கிட்ட கணக்கைத் தவிர வேற எதுவும் பேச வரலக்கா. நிஜமா. பல நாள் போனை எடுப்பேன். என்ன சொல்றதுன்னு தெரியாம வெச்சிடுவேன்."

"எனக்கும் அதே கதிதான்" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து, வேகவேகமாகத் தொடர்ந்தாள். "கடைக்காரர் புது மெஷின் வாங்கியிருக்கார். பேப்பரை மென்னு துப்புது. அதுக்கு அவர் மாமியார் பேரை வெச்சிருக்கார்."

தம்பி சிரித்தான். அலுவலகத்தில் லிப்ட் நடுவழியில் நின்றபோது, உள்ளே இருட்டில் கத்திக்கொண்டிருந்தவர்களை அவன் ஒருவனே கைபிடித்துச் சமாதானப்படுத்திய கதையைச் சொன்னான். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே, அவன் குரலில் எப்போது இப்படி ஒரு நிதானம் வந்தது, எனக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்தாள். நடுவில் மருமகள் எதற்கோ கூப்பிட்டாள். "நாளைக்குப் பேசறேன்க்கா" என்று வைத்தான்.

நாளைக்குப் பேசவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் பேசினான். இப்போது அப்படித்தான் நடக்கிறது. சில வாரம் அவன், சில வாரம் அவள். கணக்கு பேசிய நாட்களின் சரளம் இன்னும் வரவில்லை. பாதி நேரம் இரண்டு பேரும் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். போனை வைத்த பிறகுதான் அக்காவுக்குச் சொல்ல வேண்டியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அடுத்த தடவை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அரிசியைக் களைவாள். அடுத்த தடவை வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.